நாற்பத்தொன்றாம் நம்பர் பை

அத்தியாயம் 14

போன வாரம் நம் முதலாளியை டெலிபோனும் கையுமாக நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாளாகப் பாவம், கை கடுத்திருக்கும். முதலில் அவளை உட்கார வைப்போம்.

போனில் பேசியவர் பர்ச்சேஸ் மேடம். நான்கு பள்ளிகளுக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடும் ஆபீசில் அவர் வைத்ததுதான் சட்டம். அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அறுநூறு ஸ்கூல் பை வேணும். மூணு பேர்கிட்ட சாம்பிள் கேட்டிருக்கோம், அதுல நீங்களும் ஒருத்தர். வியாழக்கிழமை காலையில பை ரிசப்ஷன்ல இருக்கணும். பதினோரு மணிக்கு நீங்க என் ரூம்ல இருக்கணும்."

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி என்றதும் தொப்பையும் மோதிரமுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒல்லியான பெண். வயது முப்பத்தாறு. நான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று தையல் மெஷினைப் போட்டுப் பை தைக்க ஆரம்பித்தவளை, 'வாங்க முதலாளி' என்று புருஷன் கேலியாகக் கூப்பிட்டான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது கேலி போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது.

அவளிடம் வேலை பார்ப்பது ஒரே ஒருத்தி. பை ஓரங்களை அடிக்கும் ஓவர்லாக் மெஷினை வேறு யாரையும் தொட விடாததால் அவளுக்கு ஓவர்லாக் அக்கா என்று பெயர். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் மேலும் கீழும் போய்விட்டு வந்து, வீட்டு மாடிப்படி ஏற மட்டும் அலுத்துக்கொள்வான்.

கடைசியாக மாமனார். முப்பத்தொரு வருஷம் தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ரிட்டையர் ஆன பிறகும் தோள் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மருமகள் எந்தப் புது மாடல் தைத்தாலும் முதல் பை அவருக்குத்தான். அதற்குள் ஒரு செங்கல், மணல் நிரப்பிய இரண்டு பாட்டில். அதைத் தூக்கிக்கொண்டு தினமும் மார்க்கெட் வரை நடந்து திரும்புவார். இதற்கு யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிறுத்தச் சொன்னால் கோபம் வரும்.

இப்போது அவர் தோளில் இருப்பது நாற்பத்தொன்றாம் நம்பர் பை, புது ஸ்கூல் பை மாடலில் முதல் பை. அறுபத்திரண்டு நாள் ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பாபின் தெரியுமல்லவா, மெஷினுக்கு அடியில் போடும் குட்டி நூல்கட்டை? அது தீர்ந்தால் மெஷின் பக்கவாட்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். நிறைந்ததும் 'டக்' என்று தானே நின்றுவிடும். முதலாளி முதல் மாதமே சொல்லிவிட்டாள்.

"புலம்பணும்னா பாபின் சுத்தும்போது புலம்புங்க. டக்குனு அது நின்னா நீங்களும் நிக்கணும். அதுக்கப்புறம் வேலை."

ஓவர்லாக் அக்கா தன் மருமகளைப் பற்றி மொத்தமாக நூறு பாபினாவது புலம்பியிருப்பாள். லிஃப்ட்காரன் எல்லாப் பட்டனையும் ஒரே சமயத்தில் அழுத்தும் ஜனங்களைப் பற்றி. கண்டக்டர் தன் முட்டிகளைப் பற்றி. நான்கு வருஷத்தில் புலம்பாத ஒரே ஆள் சட்டம் போட்டவள்தான். எது வந்தாலும், "பாத்துக்கலாம், விடுங்க" என்பாள். கடையைத் திறக்கும்போது சிரிப்பாள், மூடும்போதும் சிரிப்பாள். எல்லோரும் அவளை இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கடந்த ஒன்றரை மாதத்தில் இரண்டு பெரிய கடைகள் அவள் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா...' என்று இழுத்துவிட்டன. அவளுக்கு அலுத்துவிட்டது. பை தைப்பது அலுக்கவில்லை. எல்லோருக்கும் தைரியம் சொல்வதுதான் அலுத்துவிட்டது.

அவள் மெஷின் டிராயரில், ஊசி டப்பாவுக்கு அடியில், ஒரு கடிதம் இருக்கிறது. பெரிய தையல் மில் ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் போனில் சொல்ல வேண்டும்.

ஆர்டர் கிடைத்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவது. கிடைக்காவிட்டால் போன் செய்து 'வர்றேன்' என்று சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்குவது. இதுதான் அவள் முடிவு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

*

காலை எட்டு மணி. வெளியே தூறல்.

சாம்பிள் பையைக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெட்டும் மேஜையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தாள் முதலாளி. உருவம் நிற்பதற்காக உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தாள். கருநீலப் பை. பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

"அக்கா, எப்படி இருக்கு?"

"எனக்கே திரும்பவும் ஸ்கூலுக்குப் போகணும் போல இருக்கு. ஆனா கணக்கு டீச்சரை நினைச்சா வேணாம்னு தோணுது" என்றாள் ஓவர்லாக் அக்கா.

லிஃப்ட்காரன் படியிறங்கி வந்தான். பர்ச்சேஸ் மேடத்தின் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தில்தான் இன்று அவனுக்கு சர்வீஸ் வேலை. பையை அவன்தான் கொண்டு போய்க் கொடுக்கப் போகிறான்.

"ரிசப்ஷன்ல குடுத்துட்டு, குடுத்தாச்சுன்னு ஒரு மெசேஜ் போடுங்க. மறந்துடாதீங்க."

"மறக்கமாட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில், 'உத்தரவு முதலாளி' என்று ஒரு சல்யூட் வைப்பான். இன்று வைக்கவில்லை. அவளுடைய மெஷின் டிராயரை ஒரு பார்வை பார்த்தான், அவளை ஒரு பார்வை பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். முதலாளி இருந்த பரபரப்பில் இதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்து வையுங்கள்.

அவள் மாடிக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் விஷயம் நடந்தது.

கண்டக்டர் தன் நாற்பத்தொன்றாம் நம்பரோடு கீழே வந்தார். மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை துவைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நேற்றுத்தான் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, செங்கல்லைப் பழைய டவலில் சுற்றி உள்ளே வைத்திருந்தார். அறுபத்திரண்டு நாள் அடிபட்ட பை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அத்தனை புதுசு.

வெளியே தூறலைப் பார்த்தார். மழை டெஸ்ட் நாற்பதாம் நாளே முடிந்துவிட்டது. இன்று எடை டெஸ்ட் மட்டும்தான். ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே, பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தன் பைக்கும் போட்டார். மேஜை மேல் வைத்தார். செருப்பைத் தேடிப் போனார்.

மேஜை மேல் இப்போது இரண்டு பை. ஒரே நீலம், ஒரே கவர். நம்பர் துணி உள்ளே தைத்திருக்கும், வெளியே தெரியாது.

லிஃப்ட்காரன் கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

ஒன்பதே முக்காலுக்கு, 'குடுத்தாச்சு' என்று மெசேஜ் வந்தது. முதலாளி அதை இரண்டு தடவை படித்தாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து கண்டக்டர் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மாடி, எனக்குப் பலம் கூடிடுச்சு."

"என்ன மாமா?"

"அறுபத்து மூணு நாள் தூக்கித் தூக்கித் தோள் பழகிடுச்சு போல. இன்னைக்குப் பை இருக்கிறதே தெரியல. காத்து மாதிரி நடந்து போயிட்டு வந்துட்டேன். முட்டிகூட வலிக்கல!"

ஓவர்லாக் அக்கா மெஷினை நிறுத்தினாள். முதலாளி அந்தப் பையைப் பார்த்தாள். எழுந்து வந்து ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கசக்கிய பேப்பர்.

"அப்போ என் செங்கல்?" என்றார் கண்டக்டர்.

"அப்போ என் சாம்பிள்?" என்றாள் முதலாளி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓவர்லாக் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத நேரம் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக வந்தது.

முதலாளி புருஷனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் லிஃப்ட் குழிக்குள் இருப்பான், எடுக்க மாட்டான்.

"சரி, பரவாயில்ல. பாத்துக்கலாம். பதினோரு மணி ஆகல. ஓடிப்போய் மாத்திடுறேன்" என்று கைப்பையை எடுத்தாள்.

கண்டக்டரின் முகம் மெல்ல வெளுத்தது.

"அம்மாடி... நோட்டும் அதுலதான் இருக்கு."

"என்ன நோட்டு?"

"டெஸ்ட் நோட்டு. தினமும் எழுதுவேனே."

"பை பத்திதானே மாமா?"

கண்டக்டர் செருப்பைப் பார்த்தார். "பை பத்தியும்."

இதற்கு மேல் கேட்க நேரமில்லை. "பதினேழாம் நம்பர் இப்ப வரும், ரெண்டு நிமிஷம்! முன் வாசல்ல ஏறு, எறங்க சௌகரியம்!" என்று அவர் பின்னாலிருந்து கத்தக் கத்த, தூறலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பஸ் சொன்னபடியே வந்தது. பஸ் விஷயத்தில் அவர் வாக்கு என்றைக்கும் பொய்த்ததில்லை.

*

ஏழு மாடிக் கட்டடம். ஏழாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் வாசலில் போர்டு: 'வேலை நடக்கிறது. படியைப் பயன்படுத்தவும்.'

"கட்டின புருஷன் பண்ற காரியம்" என்று பல்லைக் கடித்தபடி ஏறினாள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து, தரை மட்டத்தில், ஒரு தலை மட்டும் தெரிந்தது. அவன்தான்.

"என்ன நீ, இப்பவே வந்துட்டே?"

"பையை எங்க வச்சீங்க?"

"ரிசப்ஷன்ல குடுத்தேன், உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள புக்கெல்லாம் வச்சிருந்தியா? நல்ல ஐடியாதான். கல்லு மாதிரி கனமா இருந்துச்சு."

"கல்லேதான்!" என்று கத்திவிட்டு மேலே ஓடினாள். அந்தத் தலைக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏழாவது மாடியில் மூச்சு வாங்க ரிசப்ஷனில் நின்றபோது மணி பத்து நாற்பது. உட்கார்ந்திருந்த கிளார்க் அவளைப் பார்த்த பார்வையே சொன்னது, விஷயம் கைமீறிவிட்டது என்று.

"நீங்கதானா அது? மேடம் உங்களை உடனே வரச் சொன்னாங்க."

பர்ச்சேஸ் மேடத்தின் அறை. நீள மேஜை. ஒரு பக்கம் மற்ற இரண்டு கம்பெனிப் பைகள், பளபளவென்று. நடுவில் நாற்பத்தொன்றாம் நம்பர், வாயைப் பிளந்துகொண்டு. அதன் பக்கத்தில் வரிசையாக ஒரு டவல், ஒரு செங்கல், மணல் பாட்டில் இரண்டு. மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு மேடம் ஒரு நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செங்கல் யாரோடது?"

"எங்க மாமனாரோடதுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் லட்சணம் அவளுக்கு உறைத்தது.

"மேடம், பை மாறிடுச்சு. இதோ, இதுதான் சாம்பிள். அது டெஸ்ட் பண்றதுக்கு..."

"இருங்க." மேடம் தலையைத் தூக்கவில்லை. சத்தமாகப் படித்தார். "'நாள் ஒன்று. செங்கல் ஒன்று, மணல் பாட்டில் இரண்டு. மார்க்கெட் போய்த் திரும்பினேன். வார் பரவாயில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.'"

கிளார்க் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"'நாள் பத்தொன்பது. பஸ்ஸில் நெரிசல். ஒருவர் விழப்போனவர் பை வாரைப் பிடித்துத் தொங்கினார். வார் தாங்கியது. நன்றி சொல்லாமல் இறங்கிப் போனார். நாள் நாற்பது. நல்ல மழை. பைக்குள் நோட்டு நனையவில்லை. குடை பிடித்த நான் நனைந்தேன்.'"

மேடம் பக்கத்தைத் திருப்பினார்.

"'நாள் நாற்பத்தேழு. ஜிப் ஒரு இடத்தில் கடிக்கிறது. முதலாளியிடம் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தைத்து முடித்த பன்னிரண்டு பையையும் பிரித்து ஜிப்பை மாற்றினாள். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று பட்டது.' இது உண்மையா?"

"ஆமாங்க. அந்த ஜிப் சரியில்ல. சின்னப் புள்ளைங்க விரல் மாட்டிக்கும்."

மேடம் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே படிப்பதைச் சட்டென்று நிறுத்தினார். நோட்டைத் திருப்பி மேஜை மேல் நகர்த்தினார்.

"இதை நான் படிக்கிறது சரியில்ல. நீங்களே படிங்க."

முதலாளி படித்தாள்.

'நாள் ஐம்பத்தெட்டு. பை நன்று. முதலாளி சரியில்லை. டப்பா நிறையச் சுற்றிய பாபின் இருக்கிறது, இன்னும் மூன்று சுற்றினாள். தனியாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல். என்னம்மா என்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நாள் அறுபது. இன்று நான்கு பாபின். கேட்கவில்லை.

நாள் அறுபத்திரண்டு. பை துவைத்தேன், சாயம் போகவில்லை. கேட்கவில்லை. நாளைக்குக் கட்டாயம் கேட்க வேண்டும்.'

எழுத்தெல்லாம் மங்கிப்போயிற்று. நான்கு வருஷமாகச் சிரித்த முகமாகவே இருந்தவள், முன்பின் தெரியாத ஒருத்தர் ஆபீசில், ஒரு செங்கல்லுக்கு முன்னால் நின்று அழுதாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த மனுஷர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்!

மேடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "ஒண்ணு மட்டும் புரியல. பாபின் சுத்தினா என்ன அர்த்தம்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டத்தைச் சொன்னாள். மேடம் முதன்முறையாகச் சிரித்தார்.

"எங்க ஆபீசுக்கும் அப்படி ஒரு மெஷின் வேணும். இங்க சில பேருக்கு டக்குன்னு நிக்கிறதே கிடையாது." சிரிப்பை உடனே மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "அழுதா ஆர்டர் கிடைக்காது. எனக்குப் பைதான் முக்கியம். லிஃப்ட் ஓடல இல்ல?"

"ஓடலைங்க. எங்க வீட்டுக்காரர்தான் ரிப்பேர் பண்றார்."

"உங்க குடும்பத்துல வேற யாராவது இந்தக் கட்டடத்துல இருக்காங்களா? சரி. மூணு பையிலயும் ஒரே எடை வைக்கலாம். ஏழு மாடி கீழ எறங்கி, திரும்ப ஏறலாம். உங்க பையில எதை எடுத்துக்கறீங்க, புதுசா பழசா?"

புதியதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அவள் கை நாற்பத்தொன்றாம் நம்பரைத்தான் எடுத்தது.

*

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே வேலை நடந்த இடத்தில் கிளார்க் போய் இன்னும் இரண்டு செங்கல் கேட்டு வாங்கி வந்தார். மணலுக்குப் பதில் மூன்று பையிலும் தண்ணீர் பாட்டில். பளபளப் பை ஒன்று மேடத்தின் தோளில், இன்னொன்று கிளார்க்கின் தோளில், கருநீலப் பை முதலாளியின் தோளில்.

இறங்கும்போது ஐந்தாவது மாடியில் அந்தத் தலை இன்னும் இருந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"வேலையைப் பாருங்க" என்றாள் முதலாளி.

"வேலையைப் பாருங்க" என்றார் மேடமும்.

கீழே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாவது மாடியில் கிளார்க்கின் தோளில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பளபளப் பையின் வார்த் தையல் பல்லை இளித்தது. கிளார்க் பையைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மீதி மாடிகளை ஏறினார். மேடம் தூக்கிய பை கிழியவில்லை. ஆனால் ஆறாவது மாடியில் அவர் தோளைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டார்.

"அறுக்குது. உங்களுக்கு?"

"இல்லைங்க. வாருக்கு அடியில மெத்தை மாதிரி பஞ்சு வச்சுத் தச்சிருக்கேன். நாள் அஞ்சுல மாமா அறுக்குதுன்னு எழுதியிருப்பார் பாருங்க."

"மாத்திக்கலாம், குடுங்க."

கடைசி மாடியை மேடம் நாற்பத்தொன்றாம் நம்பரோடு ஏறினார். அறைக்குள் போய், பையை இறக்கி, வாரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டு நம்பர் துணியைத் தடவிப் பார்த்தார். முதலாளிக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகமாக இருந்தது.

"முதல்ல நூறு பை. பதினஞ்சு நாள் டைம். நூறும் இதே மாதிரி இருந்தா, மிச்சம் ஐநூறும் உங்களுக்குத்தான். லெட்டர் இப்பவே அடிச்சுத் தரச் சொல்றேன்."

"மேடம்..."

"அந்த நோட்டோட காப்பி ஒண்ணு எனக்கு வேணும். பை பத்தின பக்கங்கள் மட்டும். மத்தது உங்க வீட்டு விஷயம்."

படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. ஐந்தாவது மாடியில் நின்று, "கிடைச்சிடுச்சுங்க! நூறு! அப்புறம் ஐநூறு!" என்று கத்தினாள். குழிக்குள்ளிருந்து அவன் தாவி மேலே வந்தான். கையெல்லாம் கிரீஸ். கட்டிப்பிடிக்கப் போய், புடவையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவன் முகம் மலர்ந்தது, உடனே எப்படியோ ஆகிவிட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ. நான் வேலையை முடிச்சுட்டு வந்துடறேன். சீக்கிரமே வந்துடறேன்."

*

மாலை நாலரை. பட்டறையில் திருவிழாக் கூட்டம் என்று சொல்லலாம், இருந்தது நான்கு பேர்தான். துணி எத்தனை மீட்டர், யார் எதை வெட்டுவது, ஒரு நாளைக்கு ஏழு பையா எட்டா என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். லிஃப்ட்காரன் மட்டும் ஷட்டர் பக்கத்தில் நின்றான்.

"நூறு பைக்கு நூறு ஓரம். இன்னொரு கை வேணும், ஆனா என் மெஷினைத் தொடக்கூடாது" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"எட்டு முடியும் அக்கா. ஏன் முடியாது? நாளைக்கு ஆறு மணிக்கே திறக்கலாம்!" முதலாளியின் குரல் துள்ளியது. இது தைரியம் சொல்லும் குரல் இல்லை, நிஜமான குரல்.

கண்டக்டர் செங்கல்லைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்மா எல்லாத்தையும் படிச்சுட்டாங்களா?"

"கடைசிப் பக்கத்தை எனக்குக் குடுத்துட்டாங்க மாமா."

பஸ் நிறையக் கூட்டத்தில், 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று முப்பத்தொரு வருஷம் கத்திய குரல், இப்போது வெளியே வர மறுத்தது.

"இன்னைக்கு அறுபத்து மூணாம் நாள்" என்றார். "நேத்து எழுதி வச்சேன். அதனால கேக்கறேன். என்னம்மா ஆச்சு உனக்கு?"

முதலாளி வாயைத் திறந்தாள். 'ஒண்ணுமில்ல மாமா, பாத்துக்கலாம்' என்ற பழைய பாட்டு நாக்கு நுனி வரை வந்தது. அதை முழுங்கிவிட்டு, டிராயரை இழுத்தாள். கடிதத்தை எல்லோருக்கும் எதிரில் எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிவிடலாம்.

கடிதம் இருந்தது. ஆனால் ஊசி டப்பாவுக்கு மேலே இருந்தது. அவள் வைத்தது அடியில்.

போன் அடித்தது.

"தையல் மில்லுல இருந்து பேசறோம்மா. ரொம்ப சந்தோஷம். நீங்க சேர்றதா காலையிலயே உங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. உங்க வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா அஞ்சு மணிக்குப் பேரைப் பதிஞ்சுடுவோம்."

"பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்" என்று வைத்தாள்.

ஷட்டர் பக்கம் திரும்பினாள். லிஃப்ட்காரன்தான் பேச வேண்டியிருந்தது.

"போன வாரம் ஸ்க்ரூ தேடும்போது லெட்டரைப் பார்த்தேன். இன்னைக்குக் காலையில நம்பருக்காகத் திரும்ப எடுத்தேன். நீ போகணும்னு ஆசைப்படறே, எங்களுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன். இன்னைக்கு இந்த ஆர்டரும் கைவிட்டுச்சுன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயம். நானே சொல்லிட்டா உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காதேன்னு... படியில செங்கல்லோட சிரிச்சுக்கிட்டே எறங்கினியே, அப்பதான் தெரிஞ்சுது, நான் முட்டாள்தனம் பண்ணிட்டேன்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"நீ என்னைக்காவது சொல்லியிருக்கியா?"

அவளுக்குச் சுரீர் என்றது. கோபம் வந்தது. அவன் சொன்னது நிஜம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. நான்கு வருஷம், ஒரு பாபின் நேரம்கூடத் தன் கஷ்டத்தை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சிரித்துச் சிரித்து, கடைசியில் தன் பதிலை அடுத்தவர் சொல்லும்படி ஆக்கிக்கொண்டாளே!

மெஷினுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு காலி பாபின் எடுங்க. இன்னைக்கு என் முறை."

ஓவர்லாக் அக்கா டப்பாவைத் திறந்தாள். கிளறினாள். இன்னொரு டப்பாவைத் திறந்தாள். எல்லாம் நிறைந்த பாபின். நீலம், கறுப்பு, சிவப்பு, எல்லாம் நூலோடு.

"காலி பாபின் ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாத்தையும் நீயே சுத்தி வச்சிருக்கே."

முதலாளி அந்த டப்பாவையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, இரண்டையும் அவள் தடுக்கவில்லை.

"அப்போ இன்னைக்கு டக்குனு நிக்கப் போறதில்ல" என்றாள். "மாமா, செங்கல்லைக் கீழ வைங்க. நீங்களும் அங்க நிக்காதீங்க, வந்து உக்காருங்க. மில்லுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பேசப் போறேன்."

சுவரில் மணி நாலு நாற்பத்தைந்து. லிஃப்ட்காரன், வெளியாள் யாரும் உள்ளே வராதபடி ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.